மூன்று மாத அட்வான்ஸ் என்ற சட்டம் மதுரையில் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் மதுரையில் வீடு வாங்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், வாடகை வீட்டுக்கும் கிராக்கி ஏறிவிட்டது என்று ஒரு பக்கம் முழுக்கச் செய்தி போட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். மனை விற்கிறவர் பேசியிருக்கிறார், கட்டிக் கொடுக்கிறவர் பேசியிருக்கிறார், வங்கியில் கடன் கொடுக்கிறவரும் பேசியிருக்கிறார். வாடகைக்குக் குடியிருக்கிற ஒருத்தர்கூட அதில் இல்லை. ஒரே ஒரு குடும்பத்தைக் கேட்டிருந்தால், கிராக்கி என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். கேட்காததால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் செல்லூரில் பிறந்து வளர்ந்தவள். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 16,000 ரூபாய். கணவர் டூவீலர் மெக்கானிக். வேலை நன்றாக ஓடுகிற மாதத்தில் 20,000 கொண்டுவருவார், மற்ற மாதங்களில் குறையும். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. கல்யாணமாகி 17 வருடத்தில் இது ஐந்தாவது வீடு. இப்படி ஒரு குடும்பம் மதுரையில் அதிசயம் இல்லை, எங்கள் தெருவில் கதவைத் தட்டினால் பாதி வீட்டில் இதே கணக்குத்தான்.

2013-ல் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை 3,500, அட்வான்ஸ் 25,000. இப்போது இருக்கிற வீடு அதைவிட ஒரு அடிகூடப் பெரிதில்லை. அதே ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குச் சமையற்கட்டு. வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. கரண்டும் தண்ணீரும் தனி. வாடகை ஏறியதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அது இரண்டரை மடங்குதான் ஏறியிருக்கிறது. அட்வான்ஸைப் பாருங்கள், மூன்றரை மடங்குக்கு மேலே போய்விட்டது. அன்றைக்கு ஏழு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள், இன்றைக்குப் பத்து மாதம் கேட்கிறார்கள். இந்த அட்வான்ஸ் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1960-ல் போட்ட பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-ல் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் இரண்டு பேருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று அதற்குப் பேர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும், வாடகையை ஏற்றுவதானால் மூன்று மாதம் முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும், இதெல்லாம் அதிலேயே இருக்கிறது. இந்தக் கணக்குப்படி நான் கொடுத்திருக்க வேண்டிய அட்வான்ஸ் 27,000. ஆனால் அதே பிரிவில், ‘இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரியையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். வீடு தேடி அலைகிற ஒருத்தி எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டாள்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது, பின்னால் இன்னும் மூன்று பேர் அதே வீட்டைப் பார்க்கக் காத்திருக்கும்போது, பத்து மாத அட்வான்ஸ் என்றால் சரி என்றுதான் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலைத்தான் சட்டம் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2019-லிருந்து செல்லூர் கண்மாய்ப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தோம். வாடகை 6,000, அட்வான்ஸ் 50,000. பள்ளமான இடம்தான், அதனால்தான் அந்த வாடகைக்குக் கிடைத்தது. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதியம் ஒரு மழை அடித்தது, மதுரைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடையிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிரிட்ஜ் போயிற்று, மெத்தை போயிற்று, மகளுடைய நோட்டுப் புத்தகம் எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்தபிறகும் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி நின்றது, மகனுக்கு இருமல் நிற்கவே இல்லை. சரி, இனி இங்கே முடியாது, மேடான இடமாகப் பார்த்துப் போவோம் என்று முடிவு செய்தோம்.

அப்போதுதான் அட்வான்ஸ் எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று புரிந்தது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் 90,000, சாவி வாங்குவதற்கு முன்னால் கையில் வைக்க வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் 50,000, காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும். இடையில் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 9,000, சாமான் ஏற்றின வண்டிக்கு 3,500, பால் காய்ச்சி உள்ளே நுழைந்ததும் முதல் மாத வாடகை. ஒரே வாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். என் தாலிக்கொடியைத் தவிர எல்லாம் அடகுக்கடைக்குப் போயிற்று. பழைய அட்வான்ஸ் வந்ததும் மீட்டுவிடலாம் என்றுதான் வைத்தோம். தை பிறந்து வீடு மாறினோம், சித்திரைத் திருவிழா முடிந்துதான் அந்தப் பணம் வந்தது, அதுவும் 31,000 மட்டும். பெயிண்ட் அடித்த செலவு, மோட்டார் ரிப்பேர் என்று 19,000 பிடித்துக்கொண்டார் அந்த ஓனர். வெள்ளம் வந்து ஊறின சுவருக்குப் பெயிண்ட் செலவு எங்கள் தலையில். ஐந்து வருடத்தில் ஒரு மாதம்கூட நாங்கள் வாடகை நிறுத்தியதில்லை, ஐந்தாம் தேதி தாண்டியதும் இல்லை. அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இருந்தது, நேரம் இல்லை.

அப்புறம்தான் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கடையில் ஒருவர் சொன்னார். ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்று இருக்கிறதே என்று ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன், அரை நாள் சம்பளம் போயிற்று. உங்கள் அக்ரிமெண்ட் பதிவு செய்ததா என்று கேட்டார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டிருக்கிறோம் என்றேன். அது செல்லாது, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால்தான் நாங்கள் விசாரிக்க முடியும் என்றார்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாகப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தை இணையத்திலேயே பதிவு செய்ய வசதியும் இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிற 20 குடும்பத்தைக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருடைய அக்ரிமெண்டும் அங்கே பதிவாகவில்லை. பதினொரு மாதத்துக்கு ஒரு தாள், அதை ஒரு ஜெராக்ஸ், அவ்வளவுதான். ஓனரிடம் போய்ப் பதிவு செய்யலாமா என்று கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள் என்பார். கேட்டவர் ஒருவருக்கு அப்படியே நடந்தது.

இதில் எங்கள் ஊருக்கே உள்ள ஒத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள் லீஸ் என்பார்கள், நாம் ஒத்தி என்கிறோம். மொத்தமாக நான்கு லட்சமோ ஆறு லட்சமோ கொடுத்துவிட்டால் மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்பும். கணக்குப் பார்த்தால் நல்ல ஏற்பாடு மாதிரித்தான் இருக்கிறது. ஐந்து லட்சத்தை மாதம் ஒரு வட்டிக்குப் புரட்டினால்கூட 5,000 ரூபாய்தான் போகும், 9,000 வாடகைக்கு அது எவ்வளவோ மேல். வாடகை ஏற ஏற ஜனங்கள் ஒத்திப் பக்கம் ஓடுவதும் அதனால்தான். நகையை வைத்து, சீட்டை எடுத்து, ஊரில் இருக்கிற அரைக் காணி நிலத்தை விற்றுக்கூட ஒத்திக்குக் கொடுக்கிறார்கள்.

என் சித்தி மகள் வில்லாபுரத்தில் நான்கு லட்சத்துக்கு ஒத்திக்கு இருந்தாள். மூன்று வருடம் முடிந்து பணத்தைக் கேட்டால், அடுத்து ஒத்திக்கு ஆள் வந்ததும் அதை வாங்கித் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்லி என்ன, இவள் கொடுத்த பணத்தை வைத்துத்தான் அவர் மகள் கல்யாணத்தை முடித்திருந்தார். அடுத்து வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார்கள், பத்திரம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது தெரிந்தது, வந்த வழியே போய்விட்டார்கள். இவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பதினான்கு மாதம் அந்த வீட்டிலேயே கிடந்தாள். பணம் வராமல் வெளியே போனால் பணம் போய்விடும், அங்கேயே இருந்தால் வங்கிக்காரர்கள் வந்து என்றைக்கு நோட்டீஸ் ஒட்டுவார்களோ என்று பயம். கடைசியில் மூன்று தவணையாக மூன்றரை லட்சம் வந்தது. மீதி 50,000 இன்னும் வரவில்லை. ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்திருந்தால் அந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இவளுடைய பணம் இருப்பது தெரிந்திருக்கும். பதிவுக்கு ஆகும் செலவைப் பார்த்து இரண்டு பக்கமும் தவிர்த்துவிட்டார்கள். ஒத்திக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த இரண்டு வரியையாவது உங்கள் நாளிதழில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சரி, இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு இடத்தை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். 2012-ல் ஊமச்சிகுளம் தாண்டி மூன்று சென்ட் பார்த்தோம், சென்ட் ஒன்றேகால் லட்சம் சொன்னார்கள். மொத்தம் 3,75,000. கையில் இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருந்தோம். அந்த வருடம் மாமனாருக்கு நெஞ்சு ஆபரேஷன் வந்தது, பணம் அங்கே போயிற்று, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. 2023-ல் தல்லாகுளத்திலிருந்து அந்தப் பக்கம் 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் திறந்தார்கள். போன மாதம் அதே வரிசையில் விசாரித்தேன், சென்ட் ஆறு லட்சம். மூன்று சென்ட் 18 லட்சம், பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் 600 சதுர அடிக்கு ஒரு வீடு கட்டினால் சதுர அடி 2,300 என்று கொத்தனார் சொல்கிற கணக்கில் கிட்டத்தட்ட 14 லட்சம். ஆக 33 லட்சத்துக்கு மேல் வேண்டும். வங்கிக்குப் போனால் கணவருடைய வருமானத்துக்குக் காகிதம் இல்லை, அதனால் என் 16,000-ஐ மட்டும்தான் பார்க்கிறார்கள். அதில் பாதியைத் தவணையாகக் கட்டலாம் என்று வைத்தால் எட்டரை வட்டிக்கு, 20 வருடத்துக்கு, ஒன்பது லட்சம் கடன் கிடைக்கும். மீதி 24 லட்சத்துக்கு எங்கே போவது?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டியை 2025-ல் நான்கு முறை குறைத்தது, ஆறரையிலிருந்து ஐந்தே காலுக்கு வந்தது, வீடு வாங்க நல்ல நேரம் என்று உங்கள் செய்தியிலும் இருந்தது. அந்த ஒன்றேகால் சதவீதத்தை வங்கி அப்படியே குறைத்தாலும் ஒன்பது லட்சம் கடனுக்கு மாதம் 700 ரூபாய் போலத்தான் மிச்சமாகும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் பேரில் பத்து லட்சம் ரூபாய் வரையில் உள்ள சொத்தைப் பதிவு செய்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலிலிருந்து அரசு கொடுக்கிறது, அதுவும் நல்லது. பத்து லட்சத்துக்குள் மாநகராட்சி எல்லைக்குள் ஒரு வீட்டை எனக்கு யாராவது காட்டினால் நாளைக்கே போய்ப் பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். மதுரையில் மதுரைக்காரர்கள் மட்டுமா வாங்குகிறார்கள்? தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்கு, பெற்றவர்கள் வைத்தியத்துக்கு இங்கே ஒரு வீடு இருக்கட்டும் என்று வருகிறார்கள். வெளிநாட்டில் சம்பாதிக்கிற பணமும் இங்கேதான் இறங்குகிறது. 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை வந்தது, இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. பூங்கா வந்தது, நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் வந்தது. எதுவும் வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் மகள் அந்த நூலகத்துக்கு ஞாயிறுதோறும் போகிறாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடிக்கல் நாட்டும் முன்னாலேயே அங்கே ப்ளாட் போர்டு நட்டுவிடுகிறார்களே. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், அந்த வாரமே திருமங்கலம் சாலை முழுக்க மனை விளம்பரம். மெட்ரோ ரயில் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் மெட்ரோவைச் சொல்லியே விலை சொன்னார்கள். 2025 நவம்பரில் அந்தத் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. சொன்ன விலையை ஒருவரும் திரும்பக் குறைத்துச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், ஊருக்குள் இருந்த வீடுகள் குறைந்துவிட்டன. என் சின்ன வயதில் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவில் சந்துக்குச் சந்து காம்பவுண்டு வீடுகள் இருக்கும். நடுவில் ஒரு குழாய், சுற்றி எட்டுக் குடும்பம், கடைசியில் இரண்டு கக்கூஸ். வசதி என்று சொல்ல மாட்டேன், காலையில் வரிசையில் நின்று பள்ளிக்கூடத்துக்கு நேரமாகி அழுதிருக்கிறேன். ஆனால் கடையில் மூட்டை தூக்குகிறவர், தையற்காரர், பூக்கட்டுகிற அக்கா எல்லாரும் வேலை செய்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தார்கள். இன்றைக்கு அந்தக் காம்பவுண்டுகள் குடோனாகிவிட்டன, லாட்ஜாகிவிட்டன. எங்கள் கடைக் குடோனே முன்னால் ஆறு குடும்பம் இருந்த காம்பவுண்டுதான், சுவரில் அடுப்புக் கரி இன்னும் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆனையூர், அவனியாபுரம், கருப்பாயூரணி, சிந்தாமணி என்று வெளியே போனார்கள், அங்கேயும் விலை ஏற இன்னும் வெளியே போகிறார்கள். ராஜாக்கூரில் அரசாங்கம் அடுக்குமாடி கட்டியபோது நகருக்குள் குடிசையில் இருந்தவர்கள் போகத் தயங்கினார்கள். விடியற்காலையில் சந்தைக்கு வரவேண்டிய பெண்ணை அவ்வளவு தூரத்தில் குடிவைத்தால் அவள் எப்படி வருவாள்?

வாங்க முடியாதவர்கள் எல்லாரும் வாடகை வீட்டிலேயே நின்றுவிடுகிறோம், வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்களும் அதே வீட்டைத்தான் தேடுகிறார்கள். வரிசை நீளமானதும் வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வியும் நீளமாகிறது. நீங்க என்ன ஆளுங்க என்று நேராகவே கேட்கிறார்கள். எங்கள் கடையில் வேலை பார்க்கிற ஒரு முஸ்லிம் தம்பிக்கு எட்டு வீட்டில் இல்லை என்றார்கள், அதில் மூன்று வீட்டில் அதற்கு மறுநாளும் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியதை நானே பார்த்தேன். கணவனை இழந்து ஒரு பிள்ளையோடு இருக்கிற பெண் என்றால் இன்னும் மோசம். கறி சமைப்பீர்களா, விருந்தாளி அடிக்கடி வருவார்களா, வயதானவர்கள் கூட இருக்கிறார்களா, செத்துக்கித்துப் போனால் வீட்டிலேயே வைப்பீர்களா என்பதுவரை கேட்டுவிட்டார்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இன்றைக்கு இவ்வளவு போதும்.

கரண்ட் விஷயமும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது வந்து சேர்கிறது? உள் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். மூன்று குடும்பத்துக்கு ஒரே இணைப்பு என்பதால் யூனிட் கூடி ரேட் எகிறுகிறது, நாங்கள் என்ன செய்ய என்பது அவர்கள் பதில். ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு இருந்தால் இந்தப் பேச்சே வராது.

வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். இப்போதைய ஓனரம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். இரண்டு போர்ஷன் வாடகையில்தான் அவருடைய மருந்தும் சாப்பாடும். 2022-ல் சொத்துவரி ஏறியது, அதற்குப் பிறகு வருடாவருடம் கூடுகிறது. முன்னால் ஒரு குடும்பம் எட்டு மாதம் வாடகையும் தராமல், காலியும் செய்யாமல் இருந்திருக்கிறது, அவர்களை வெளியேற்ற நாய்படாத பாடு பட்டிருக்கிறார். அந்தப் பயத்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறேன் என்று அவரே என்னிடம் சொன்னார். நான் அதை நம்புகிறேன். பதிவு செய்த ஒப்பந்தம் இருந்து, வாடகை அதிகாரி நாலு மாதத்துக்குள் தீர்த்துவைப்பார் என்ற நிலைமை இருந்தால், அந்த அம்மாவுக்கும் என்னுடைய 90,000 தேவைப்படாது. அவருடைய பயத்துக்கான விலையை நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் அந்தப் பணத்தால் நிம்மதி இல்லை, நாங்கள் காலி செய்தால் திருப்பித் தர வேண்டுமே என்ற கவலைதான் இருக்கிறது. அதில் பாதி ஏற்கெனவே கண் ஆபரேஷனுக்குச் செலவாகிவிட்டது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அட்வான்ஸ் மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான், அந்த ‘வேறு மாதிரி ஒப்புக்கொண்டால்’ என்கிற வரியைச் சட்டத்திலிருந்து எடுங்கள். நம் மதுரை சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைச் சபையில் எழுப்பலாம். சட்டத்தைத் திருத்த நாளாகும் என்றால் ஒப்பந்தப் பதிவையாவது வார்டுக்கு வார்டு முகாம் போட்டு நடத்துங்கள். 100 வார்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போட்டால்கூட இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் முகாம் போட முடிகிறபோது இதற்கு ஏன் முடியாது? அரைநாள் லீவு போட்டு, எந்த அலுவலகம், எந்த மாடி என்று தேடிப் போகச் சொன்னால் கூலி வேலை பார்க்கிறவர்கள் யாரும் போக மாட்டார்கள். முன்னால் கொடுத்துவிட்ட அட்வான்ஸை ஒரேயடியாகத் திருப்பிக் கொடு என்றால் எங்கள் ஓனரம்மா மாதிரி ஆட்கள் தவித்துப்போவார்கள். அதை மாதவாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தால் இரண்டு பேருக்கும் பாரம் தெரியாது.

அதோடு வாடகைக்கென்றே அரசாங்கம் ஊருக்குள் வீடு கட்டவேண்டும் என்றும் எனக்கு ஆசை இருக்கிறது. விற்பதற்குக் கட்டுகிறார்கள், இலவசமாகக் கொடுப்பதற்குக் கட்டுகிறார்கள். நடுவில் இருக்கிற எங்களுக்கு மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் வாடகைக்கு நம்பிக்கையாக இருக்க ஓர் இடம் கிடையாது. மதுரைக்கு இது புதிதும் இல்லை. ஹார்வி மில் நடந்த காலத்தில் தொழிலாளிகளுக்கென்று வீடு கட்டித்தான் ஹார்விபட்டி என்ற ஊரே உண்டாயிற்று. எல்லீஸ் நகரையும் அண்ணா நகரையும் வீட்டுவசதி வாரியம்தான் உருவாக்கியது, என் அப்பா காலத்தில் சாதாரணச் சம்பளக்காரர்கள் அங்கே வீடு வாங்கினார்கள். இப்போது அண்ணா நகரில் ஒரு வீட்டின் விலையை நான் கேட்கக்கூட மாட்டேன்.

எங்களுக்கு அடுத்த அக்ரிமெண்ட் போடுகிற நாள் வருகிறது. வாடகையில் 500 கூட்டவேண்டும், அட்வான்ஸை ஒரு லட்சமாக்கிவிடுங்கள் என்று ஓனரம்மா சொல்லிவிட்டார். மகளுக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை வேறு வீட்டைப் பற்றி நினைக்க முடியாது, அதனால் சரி என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வோம் அம்மா, உங்களுக்கும் நல்லது என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அவர் மகன் திருப்பூரிலிருந்து வந்ததும் பேசுவதாக ஏற்பாடு.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. வாரம் தவறாமல் தங்கம் விலை போடுகிறீர்கள், காய்கறி விலை போடுகிறீர்கள், மனை விளம்பரம் நான்கு பக்கம் வருகிறது. மாதம் ஒரு முறை செல்லூரில், ஜெய்ஹிந்துபுரத்தில், ஆரப்பாளையத்தில், புதூரில் ஒரு ரூம் வீட்டுக்கு என்ன வாடகை, என்ன அட்வான்ஸ், என்ன ஒத்தி என்று விசாரித்துப் போடுங்கள். வீடு தேடிப் போகிறவர்களுக்குக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும், கேட்கிறவர்களும் கொஞ்சம் யோசித்துக் கேட்பார்கள். உங்கள் நிருபர் யாராவது வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் எனக்குக் கடை லீவு. செல்லூரில் அட்டை தொங்குகிற வீடுகளை எல்லாம் நானே கூட நடந்து வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செல்லூர் வாசகி,
மதுரை.